நாடகக் கலைஞரின் குடும்பம் காணொளியாகும்போது: ‘ரம்ஸ்டிக் ரோடு’ முன்வைத்து ஒரு விவாதம்

மேடைநிழல் எழுதியது:

பின்னாளில் ஊஸ்டர் குரூப் என்று பெயர் பெற்ற சோதனை நாடகக் கலைஞர்கள், நியூயார்க்கின் சோஹோ பகுதியிலுள்ள பெர்ஃபார்மிங் கராஜ் அரங்கில் 1977-இல் நிகழ்த்திய ‘ரம்ஸ்டிக் ரோடு’ நாடகத்தின் காணொளி மீளாக்கத்தைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன். நாடகத்தை இயக்கிய எலிசபெத் லெகாம்ப்ட், திரைக்கலைஞர் கென் கோப்லாண்டுடன் சேர்ந்து 2013-இல் இதை உருவாக்கினார். காணொளிக் கலையில் ஆர்வமுள்ள நம் விவாதக் குழு நண்பர்கள் இதை ஒரு நாடகத்தின் ஆவணமாக மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

நாடகத்தின் கரு நடிகர் ஸ்பால்டிங் கிரேயின் சொந்தக் குடும்பம். கிறிஸ்டியன் சயன்ஸ் என்ற சமயப் பிரிவில் ஆழ்ந்த பற்றுக்கொண்டிருந்த அவருடைய தாய், மனநோயால் நெடுநாள் அவதிப்பட்டு 1967-இல் தற்கொலை செய்துகொண்டார். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் அவர்கள் வாழ்ந்த வீடு இருந்த தெருவின் பெயரே நாடகத்தின் பெயர். தாயின் மரணத்துக்குச் சில ஆண்டுகள் கழித்துக் கிரே தன் தந்தையிடமும் பாட்டிமார் இருவரிடமும் தாய்க்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவரிடமும் பேசி, அந்தப் பேச்சுகளை ஒலிநாடாவில் பதிவு செய்தார். அந்த நாடாக்கள்தான் நாடகத்தின் முதுகெலும்பு. கிரேயும் லெகாம்ப்டும் பல ஆண்டுகள் இணைந்து வாழ்ந்தவர்கள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஒருவருடைய குடும்பத் துயரத்தை அவரோடு குடும்பம் நடத்தியவரே மேடையில் வடிவமைத்திருக்கிறார்.

மேடையமைப்பைக் கவனியுங்கள். இருபுறமும் இரண்டு அறைகள் உள்வாங்கிச் செல்கின்றன. நடுவில், நாம் நன்றாகப் பார்க்கும்படி, ஒலிநாடாக்களை இயக்குபவரின் சிறு கூடம் இருக்கிறது. எந்தக் குரல் ஒலித்தாலும், ஒரு மனிதர் ஒரு பொறியை இயக்கியதால்தான் அது ஒலிக்கிறது என்பது நம் கண்முன்னே நடக்கிறது. ஒரு கட்டத்தில் கிரேயின் தாயுடைய புகைப்படம், லிபி ஹவ்ஸ் என்ற நடிகையின் முகத்தின்மேல் ஸ்லைடாக வீழ்த்தப்படுகிறது. இரண்டு முகங்களின் கண்களும் வாயும் ஒன்றோடொன்று பொருந்தாமல் கொஞ்சம் விலகியே நிற்கின்றன. இறந்துபோன தாயை ஒரு நடிகை ‘ஏற்று நடிக்க’ முடியாது, அவருடைய படத்தைத் தாங்கிக்கொள்ளத்தான் முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லிய காட்சியை நான் பார்த்ததில்லை.

என் கேள்வி இதுதான். இவ்வளவு அந்தரங்கமான பொருளை எடுத்துக்கொண்டும் இந்தப் படைப்பு நம்மை ஒட்டுக்கேட்பவர்களாக உணரச் செய்யவில்லை. அப்படித்தான் எனக்குத் தோன்றியது. நாடா ஓடுவதை மறைக்காமல் காட்டியதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். நண்பர்கள் என்ன கருதுகிறார்கள்?

கரைவாசி எழுதியது:

மேடைநிழல் அவர்களுக்கு வணக்கம். தங்கள் விவரிப்பை ஏற்கிறேன், முடிவை ஏற்க இயலவில்லை. எனக்கு அந்தக் காணொளி ஒட்டுக்கேட்கும் உணர்வைத்தான் தந்தது. குறிப்பாக மருத்துவரின் தொலைபேசிக் குரல் வரும் இடத்தில்.

தன் அனுமதியின்றி இந்த உரையாடல் பொதுமக்கள்முன் ஒலிக்கப்போகிறது என்பது அந்த மருத்துவருக்குத் தெரியாது. நாடகம் அரங்கேறிய காலத்திலேயே வில்லேஜ் வாய்ஸ் இதழின் விமர்சகர் மைக்கேல் ஃபைன்கோல்ட் இதைக் கடுமையாகக் கண்டித்தார். தனிப்பட்டதாகச் சொல்லப்பட்ட சொற்களை மேடையில் ஒலிக்கவிடுவது பார்வையாளரையும் அந்தத் தவறில் பங்காளியாக்குகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டின் சாரம். அரங்கின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தக் கண்டனத்தைப் பழைமைவாதிகளின் முணுமுணுப்பைப்போல ஓரத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அது முறையல்ல. நோயாளியின் மகன் என்ற உரிமையில் ஒருவர் கேட்கிறார், அந்த உரிமையை மதித்து மருத்துவர் பதில் சொல்கிறார். அந்தப் பதிலைக் கலைப்பொருளாக்கும் உரிமையும் அதோடு சேர்ந்து வந்துவிடுமா?

நாடா ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது என்கிறீர்கள். வெளிப்படையாகச் செய்தால் மட்டும் ஒரு செயல் நேர்மையானதாகிவிடாது. மேலும், மேடையில் ஒலித்தபோது அந்தக் குரல் சில பத்துப் பேருக்கு ஓர் இரவு கேட்டு மறைந்தது. காணொளியாகிவிட்ட பிறகு அது மறைவதற்கு வழியே இல்லை. 2013-இன் மீளாக்கம் 1977-இன் தவறை நிலைநிறுத்திவிட்டது என்பதே என் எண்ணம்.

ஒலிப்பேழை எழுதியது:

நான் ஒலி, ஒளிநாடாக்களைப் பாதுகாக்கும் பணியில் இருப்பவன். அறத்தைப் பற்றிய விவாதத்தில் இறங்குவதற்குமுன், இந்த மீளாக்கம் எதனால் ஆனது என்பதைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்றைய நிகழ்ச்சி முழுமையாக ஒரே கருவியில் நல்ல தரத்தில் பதிவாகி, அதை எடுத்துத் தூசிதட்டி வெளியிட்டார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம். யூமாட்டிக் ஒளிநாடா, சூப்பர் 8 படச்சுருள், ரீல் ஒலிநாடா, புகைப்படங்கள், ஸ்லைடுகள் என்று சிதறிக் கிடந்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தித்தான் இது கட்டப்பட்டிருக்கிறது. சூப்பர் 8 பேழை ஒன்றில் 15 மீட்டர் ஃபிலிம்தான் இருக்கும். நொடிக்கு 18 சட்டகம் என்ற வேகத்தில் ஓடினால் சுமார் 3 நிமிடம் 20 நொடியில் தீர்ந்துவிடும். அதனால் அந்தக் கருவியில் எடுத்த எதுவுமே துண்டுதுண்டாகத்தான் கிடைக்கும். யூமாட்டிக்கில் நீளமாக எடுக்கலாம், ஆனால் மங்கிய மேடை வெளிச்சத்தில் அந்தக் காலக் கேமரா முகங்களைக் கரைத்துவிடும். பழைய நாடாக்கள் ஈரத்தை உறிஞ்சிக் காந்தப்பூச்சு ஒட்டும் பதத்துக்கு வந்துவிட்டால், குறைந்த சூட்டில் பல மணிநேரம் காயவைத்தபின்தான் ஒரு தடவையாவது ஓட்ட முடியும் என்பது எங்கள் துறையில் அன்றாட அனுபவம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஓர் இரவின் ஒலி மற்றோர் இரவின் படத்தோடு பொருந்தாது. நடிகர் ஒரு மூச்சு அதிகம் எடுத்தால் அடுத்த வசனம் தள்ளிப்போய்விடும். ஆகவே இந்தக் காணொளியில் நாம் பார்ப்பது எந்த ஓர் இரவிலும் நடந்திராத ஒரு நிகழ்ச்சியை. காட்சிக்குள் காட்சியாக, அளவிலும் நிறத்திலும் வேறுபட்ட சட்டகங்கள் அடுக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் இதுதான். கோப்லாண்ட் அந்த ஒட்டுகளை மறைக்க முயலவில்லை. கிரேயின் குடும்பத்தினர் ஆளுக்கொரு விதமாக அந்தத் தாயை நினைவுகூர்ந்ததும் இப்படி ஒட்டாத துண்டுகளாகத்தான் இருந்தது. அந்த வகையில் இந்தத் தொழில்நுட்பக் குறையே படைப்பின் பொருளாகவும் அமைந்துவிட்டது என்பது என் கருத்து.

மேடைநிழல் எழுதியது:

ஒலிப்பேழை ஐயா, மிக்க நன்றி. தாங்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். கிரே 2004-இல் இறந்துவிட்டார். அவருடைய மரணமும் தற்கொலை என்றே கருதப்படுகிறது. தாயின் நோய் பரம்பரையாகத் தனக்கும் வருமோ என்ற அச்சம் அந்த மருத்துவரோடு பேசும் உரையாடலில் இருக்கிறது. மருத்துவர் அவருக்கு ஆறுதல் சொல்கிறார். 1977-இல் அதைக் கேட்டவர்கள் ஒரு மகனின் கவலையைக் கேட்டார்கள். 2013-க்குப் பிறகு கேட்கும் நாம் வேறொன்றைக் கேட்கிறோம். நாடாவை ஓடவிட்ட மகனே இன்று நாடாவில் மட்டும் இருக்கிறார். அந்தக் காணொளியைத் தொகுக்கும் மேசையில் லெகாம்ப்ட் அமர்ந்திருந்தபோது, தன்னுடன் வாழ்ந்தவரின் இளவயது முகத்தைச் சட்டகம் சட்டகமாகப் பார்த்திருப்பார். ஆகவே இது கிரேயின் குடும்பத்தைப் பற்றிய படைப்பு என்பதோடு நிற்கவில்லை. அந்த நாடகக் குழு என்ற குடும்பத்தைப் பற்றியதாகவும் ஆகிவிட்டது.

கரைவாசி அவர்களுடைய கண்டனத்துக்குப் பின்னர் வருகிறேன். அது எளிதில் பதில் சொல்லிக் கடந்துபோகக்கூடிய கண்டனம் அல்ல.

வெண்பலகணி எழுதியது:

இந்த இழையில் ஐஸ்லாந்துக் கலைஞர் ராக்னர் கியார்டன்சனைச் சேர்க்காமல் இருக்க முடியாது. அவருடைய தாய் குட்ருன் ஆஸ்முண்ட்ஸ்டோட்டிர் புகழ்பெற்ற மேடை நடிகை. தந்தை கியார்டன் ராக்னர்சன் நாடகாசிரியர், இயக்குநர். ரெய்க்யவிக் நகர நாடக அரங்கில் ஒத்திகைகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளை அவர். பெற்றோரின் அரங்கு சோதனை அரங்கு என்று சொல்ல முடியாதுதான். ஆனால் அந்தக் குடும்பத்தை வைத்து மகன் செய்திருப்பவை எந்தச் சோதனை அரங்குக்கும் குறைந்தவை அல்ல.

‘நானும் என் தாயும்’ என்ற காணொளியை 2000-ஆம் ஆண்டு, கலைக் கல்லூரி மாணவராக இருந்தபோது, அவர் தொடங்கினார். தாயின் வீட்டு வரவேற்பறையில், புத்தக அலமாரிக்கு முன்னால், தாயும் மகனும் கேமராவைப் பார்த்தபடி அருகருகே நிற்கிறார்கள். தாய் திரும்பி மகனின் முகத்தில் துப்புகிறார். மீண்டும் துப்புகிறார். மகன் நகராமல் நிற்கிறார். இவ்வளவுதான் நிகழ்வு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, 2005, 2010, 2015, 2020 என்று இதையே திரும்பத் திரும்ப எடுத்தார்கள். கண்காட்சியில் அவற்றை வரிசையாக வைக்கும்போது, மாறாத செயலுக்குள் இரண்டு உடல்கள் மூப்படைவதைப் பார்க்கிறோம்.

நம் ஊரில் இதைப் பார்ப்பவருக்கு முதலில் அதிர்ச்சிதான் வரும். முகத்தில் துப்புவதைவிடப் பெரிய அவமதிப்பு நமக்கு இல்லை. ஆனால் இன்னொன்றும் நமக்குத் தெரியும். பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றும் தாய், உப்பையும் மிளகாயையும் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, ‘துப்பு, மூணு தடவை துப்பு’ என்பாள். எச்சில் அங்கே காப்பாகிறது. ஐஸ்லாந்துக் கலைஞருக்கு இந்தப் பொருள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாம் பார்க்கும்போது அது சேர்ந்துகொள்வதைத் தடுக்கவும் வேண்டியதில்லை. எனக்கு அந்தக் காணொளியில் சீற்றத்தைவிடக் காப்புதான் அதிகம் தெரிந்தது.

கரைவாசி அவர்களுடைய கேள்விக்கு இது ஒருவகையில் பதிலாகும். இங்கே தாய் ஒரு கச்சாப் பொருளாக இல்லை. அவர் தொழில்முறை நடிகை. எப்போது இடைவெளி விட வேண்டும், எப்போது உதட்டைக் குவிக்க வேண்டும், மகன் எதிர்பாராத நொடி எது என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. படைப்பின் தாளத்தை நிர்ணயிப்பவர் அவரே.

தறிமகள் எழுதியது:

வெண்பலகணி அவர்களே, ஒரு சிறு ஐயம். தாய் நடிகை என்பதால் அது நடிப்பாகிவிடுகிறது. நடிப்பாகிவிட்டால் குடும்ப வாழ்க்கையைக் காட்டுவதாக எப்படிச் சொல்ல முடியும்? அந்த இருவருக்கும் இடையே உண்மையில் என்ன இருக்கிறது என்பது காணொளி முடிந்த பிறகும் நமக்குத் தெரியவில்லையே.

வெண்பலகணி எழுதியது:

நல்ல கேள்வி, அம்மா. நாடகக் குடும்பங்களில் நடிப்பையும் வாழ்க்கையையும் அப்படிப் பிரித்து வைக்க முடியாது என்பதைத்தான் கியார்டன்சனின் இன்னொரு படைப்பு பேசுகிறது. ஐஸ்லாந்தில் 1977-இல் வெளிவந்த ‘மோர்ட்சாகா’ என்ற திரைப்படத்தில் அவருடைய பெற்றோர் இருவரும் நடித்தார்கள். தாய் ஏற்றது ஓர் இல்லத்தரசியின் பாத்திரம். தந்தை ஏற்றது குழாய் வேலைக்காரரின் பாத்திரம். பாத்திரம் கழுவும் எந்திரத்தின் அருகே அவர்கள் நெருங்கும் ஒரு கனவுக்காட்சி அதில் உண்டு. அந்தப் படப்பிடிப்பை ஒட்டிய இரவில்தான் தான் கருவானதாகக் கியார்டன்சன் வீட்டில் சொல்லப்பட்டுவந்த கதை.

பெற்றோர் பின்னாளில் மணமுறிவு பெற்றார்கள். அந்தக் காட்சியைச் சுவரில் இடைவிடாமல் ஓடவிட்டு, அதன்முன் கித்தார் ஏந்திய இளைஞர்களை அமர்த்தி, பெற்றோர் அந்தக் காட்சியில் பேசும் வசனத்தையே பாடலாக மணிக்கணக்கில் பாடவைத்தார் மகன். இசையமைத்தவர் சிகுர் ரோஸ் இசைக்குழுவில் இருந்த கியார்டன் ஸ்வெய்ன்சன். படைப்பின் தலைப்பிலேயே ‘ஒரு மணவாழ்க்கையின் நினைவுச்சின்னம்’ என்ற சொற்கள் இருக்கின்றன. 2014-இல் நியூயார்க்கின் நியூ மியூசியத்தில் இது காட்டப்பட்டபோது, தாயோடு எடுத்த காணொளிகளும், தந்தையோடு சேர்ந்து வரைந்த கடற்கோலங்களும் அதே கண்காட்சியில் இருந்தன.

யோசித்துப் பாருங்கள். பெற்றோர் நடித்த ஒரு பொய்க்காட்சி அந்த வீட்டின் உண்மையான தொடக்கக் கதையாக இருக்கிறது. மகன் அதை அம்பலப்படுத்தவில்லை, கேலியும் செய்யவில்லை. முறிந்துபோன ஒன்றைப் பாடிப்பாடித் தாங்கிப் பிடிக்கிறார். அந்த இருவருக்கும் இடையே என்ன இருந்தது என்பது இங்கேயும் நமக்குத் தெரியாமல்தான் போகிறது. தெரிய வேண்டியதில்லை என்பதே என் நிலை.

ஆற்றுப்படை எழுதியது:

ஜப்பானியச் சோதனை நாடகத்தின் பெரும் ஆளுமையான டெராயாமா ஷூஜியை யாரும் குறிப்பிடாததால் எழுதுகிறேன். 1967-இல் டென்ஜோ சஜிகி நாடகக் குழுவைத் தொடங்கியவர். தன் படைப்புகளில் தாயை ஓயாமல் எழுதியவர். அவருடைய கவிதைகளில் தாய் பலமுறை இறந்திருக்கிறார். உண்மையில் அந்தத் தாய் மகனுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார். 1974-இல் அவர் எடுத்த திரைப்படத்தின் இறுதியில், தாயைக் கொல்ல வந்த மகன் அவரோடு அமர்ந்து சோறு உண்கிறான். வீட்டின் சுவர்கள் சரிந்து விழுகின்றன. தோக்கியோவின் ஷின்ஜுகு சாலைச் சந்திப்பு நடுவே அந்த இருவரும் அதே சாப்பாட்டுப் பலகையருகே இருக்கிறார்கள்.

காணொளி என்று வரும்போது, 1982–83-இல் கவிஞர் தனிகாவா ஷுன்தாரோவும் அவரும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட ‘வீடியோ கடிதங்கள்’ முக்கியமானவை. வீட்டுக் கேமராவில், வீட்டுப் பொருள்களை எடுத்துக்காட்டி, ‘நான் யார்’ என்று இரு நண்பர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். 1983 மே மாதத்தில் டெராயாமா இறந்ததோடு மறுமொழி நின்றுவிட்டது. தாயைப் பற்றி அத்தனை புனைவுகளைக் கட்டிய ஒருவர், மேடையும் குழுவும் இல்லாமல் ஒரு சிறு கேமராமுன் தனியாக அமரும்போது எவ்வளவு தணிந்துபோகிறார் என்பதைப் பார்க்க வேண்டும். மேடையில் அவர் கட்டிய ‘குடும்பம்’ ஒரு கோட்டை. காணொளியில் அவர் அதற்கு வெளியே வந்து நிற்கிறார். ரம்ஸ்டிக் ரோடின் காணொளிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இந்தக் கோணத்தில் யாராவது எழுதினால் படிக்க ஆவலாக இருக்கிறேன்.

மேடைநிழல் எழுதியது:

கரைவாசி அவர்களுக்கு நான் தர வேண்டிய பதிலை, நண்பர்கள் எழுதியவற்றையெல்லாம் படித்தபின் இப்போது தருகிறேன்.

குடும்பத்தைக் கலையாக்கும்போது அந்தக் குடும்பத்தினர் படைப்புக்குள்ளேயே மறுத்துப் பேச இடமிருக்கிறதா என்பதுதான் என் அளவுகோல். குட்ருன் ஆஸ்முண்ட்ஸ்டோட்டிருக்கு அந்த இடம் முழுமையாக இருக்கிறது. ஐந்தாண்டு கழித்து மகன் மீண்டும் கேமராவோடு வரும்போது ‘இந்த முறை வேண்டாம்’ என்று சொல்லவும் அவரால் முடியும். ஒவ்வொரு முறையும் அவர் புத்தக அலமாரிக்கு முன்னால் வந்து நிற்பதே ஒரு புதிய சம்மதம். கியார்டன்சனின் தொடரை வலுப்படுத்துவது திரும்பச் செய்தல் மட்டும் இல்லை. திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டுத் தரப்பட்ட இந்த அனுமதியும்தான்.

ரம்ஸ்டிக் ரோடில் தந்தையின் நிலை இடைப்பட்டது. அவர் மேடைக்கு வரவில்லை. ஆனால் மகன் ஒலிப்பதிவுக் கருவியோடு எதிரில் அமர்ந்திருக்கும்போது பேசுகிறார். தன் மனைவியின் நோயைத் தனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறார், பாட்டிமார் வேறு விதமாகச் சொல்கிறார்கள். அவருடைய சொல் சரி, பாட்டியின் சொல் தவறு என்று லெகாம்ப்ட் தீர்ப்பெழுதவில்லை. குரல்களை அடுத்தடுத்து ஓடவிட்டு, அறைக்குள் நடிகர்கள் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு கதவுகள் வழியே ஓடும் ஓட்டத்தையும், லிபி ஹவ்ஸ் தலைமுடி பறக்க உடலை முன்னும் பின்னும் வீசி ஆடும் அந்த நீண்ட ஆட்டத்தையும் அவற்றின் அருகே வைக்கிறார். இறந்த தாய்க்குப் பேச்சே தரப்படவில்லை. அந்த ஆட்டம் மட்டும் தரப்பட்டிருக்கிறது. தாயின் சார்பில் யாரும் வசனம் எழுதிப் பேசிவிடவில்லை என்பதை நான் பெரிய கண்ணியமாகக் கருதுகிறேன்.

மருத்துவரின் குரலுக்கு இந்த அளவுகோலைப் பொருத்தினால் அது தேறாது. அவர் குடும்பத்தவரும் இல்லை, கலைஞரும் இல்லை, பதிவாவதற்கு ஒப்புக்கொண்டவரும் இல்லை. அந்த ஓர் இடத்தில் ஃபைன்கோல்டின் கண்டனம் சரி என்றே ஏற்கிறேன். ஆனால் அதைக் கொண்டு படைப்பு முழுவதையும் தள்ளிவிட மனம் ஒப்பவில்லை. மீளாக்கத்தில் அந்தப் பகுதியை நீக்கியிருந்தால் அது இன்னொரு பொய்யாகியிருக்கும். 1977-இல் தாங்கள் செய்ததைச் செய்யாததுபோலக் காட்டுவதாக முடிந்திருக்கும். அதைவிட, செய்ததைச் செய்தபடியே வைத்துவிட்டு நம் விமர்சனத்துக்கு ஆளாவது நேர்மை.

ஆற்றுப்படை அவர்கள் கேட்ட வேறுபாட்டைப் பற்றி ஒரு வரி. டெராயாமா தன் காணொளிக் கடிதங்களில் தாமே படம்பிடித்துத் தாமே பேசி, எந்தக் கடிதத்தில் நிறுத்துவது என்பதை மட்டும் நோயிடம் விட்டார். கிரேவுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவருடைய இறுதி வடிவத்தைத் தோழியும் நண்பரும் சேர்ந்து தொகுத்தார்கள்.

கரைவாசி எழுதியது:

மேடைநிழல் அவர்களே, மருத்துவர் பற்றிய பகுதியை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. நீக்கியிருந்தால் பொய்யாகியிருக்கும் என்ற வாதத்தை மட்டும் நான் இன்னும் ஏற்கவில்லை. நீக்கத் தேவையில்லை, அந்த நாடா ஓடும் நேரம் முழுவதும் ஒலியை நிறுத்திவிட்டு, நடுக்கூடத்தில் அமர்ந்து நாடாவை இயக்குபவரை மட்டும் காட்டியிருக்கலாம். ஒலிப்பேழை அவர்கள் சொன்னபடி ஒட்டுகளை மறைக்காத படைப்பு இது. ஒரு மௌனத்தையும் ஒட்டாக வைத்திருக்க அதற்கு வலிமை இருந்தது. மருத்துவரின் அந்தரங்கமும் காக்கப்பட்டிருக்கும், 1977-இல் என்ன நடந்தது என்பதும் மறைக்கப்பட்டிருக்காது.

தந்தையைப் பற்றி நீங்கள் எழுதியதை மறுபடி எண்ணிப் பார்க்கிறேன். கருவி எதிரில் இருந்தது, உண்மைதான். ஆனால் துக்கத்தில் இருக்கும் ஒரு தந்தை மகனிடம் பேசும்போது கருவியிடம் பேசுவதாக நினைப்பாரா என்பதில் எனக்குத் தெளிவில்லை. அடுத்த முறை காணொளியைப் பார்க்கும்போது அவருடைய குரல் எங்கெல்லாம் தயங்குகிறது என்பதைக் குறித்துக்கொண்டு வந்து எழுதுகிறேன். இழையை மூடிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.